பேர் வெட்டிய தூக்குச்சட்டி

கொஞ்சம் எந்திரி தாயி, ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுரு. எனக்குப் பஸ்ஸு ஒத்துக்கிடாது, காத்து மூஞ்சியில அடிச்சாத்தான் சரிப்படும். இந்தா, இந்தத் தூக்குச்சட்டியைக் கொஞ்சம் பிடி, நான் உள்ள போயிக்கிடுதேன். சாய்ச்சிராத, குழம்பு இருக்கு. ஆங், இப்பம் கொண்டா. மடியிலயே வச்சிக்கிடுதேன். கீழ வச்சா எவனாவது மிதிச்சிருவான்.

மணக்குதா? மணக்கும். எங்க ஊர்ல இன்னைக்கு அசனம். அசனம்னா தெரியுமா உனக்கு? நீ எந்த ஊரு, என்ன ஆளுன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. அசனம்னா எங்க வேதக்கோயில்ல வருஷத்துக்கு ஒருநாள் போடுத சாப்பாடு. ஒருத்தர் அரிசி குடுப்பாவ, ஒருத்தர் கெடா குடுப்பாவ, ஒருத்தர் கத்தரிக்கா குடுப்பாவ. அண்டா அண்டாவா ஆக்கி, பந்தலுக்குள்ள ஓலைப்பாயை விரிச்சி சோத்தைக் குமிச்சி வச்சி, ஐயரு வந்து ஜெபம் பண்ணுன பெறவு பந்தி ஆரம்பிக்கும். ஐயருன்னா எங்க சபை குருவானவரு. நாங்க அப்படித்தான் சொல்லுவோம்.

அசனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தியில வந்து உக்காந்தவனைப் பாத்து நீ யாருன்னு கேக்கப்படாது. கும்பிடுத சாமி எதுவா இருந்தாலும் சரி, வந்து உக்காந்தா இலை உண்டு. ரோட்டுல போற லாரியைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவரை எறக்கி உக்கார வைப்போம். இந்த பஸ்ஸு கண்டக்டரு இருக்காம்லா, அந்தா பின்னால நின்னு டிக்கெட்டு கிழிக்கான், அவனும் டிரைவரும் இப்பந்தான் எங்க பந்தியில சாப்பிட்டானுவ. பஸ்ஸை ஓரங்கட்டிட்டு கூட வந்தவங்களையும் கூட்டிட்டு வந்தான். நீ ஏன் எறங்கல? கூச்சமா? அசனத்துல என்ன தாயி கூச்சம். அப்படிப்பட்ட ஊரு எங்க ஊரு. அதை முதல்ல மனசுல வச்சிக்க. பெறவு நான் சொல்லுததைக் கேட்டுட்டு எங்க ஊரைத் தப்பா நெனச்சிரக்கூடாது.

ஆலடிவிளை விலக்கு ஒண்ணு குடு தம்பி.

பாத்தியா, எப்படிச் சிரிக்கான்னு? "கடைசி ஸ்டாப்புக்கே போட்டிருதேன் யம்மா, வருஷா வருஷம் விலக்குக்குன்னு எடுத்துட்டு, எறங்காம கடைசி வரைக்கும்தானே வாரிய"ங்கான். வாய்க்கொழுப்பு. நான் எறங்கத்தான் பாப்பேன். ஜன்னல் பக்கம் உக்காந்தா எங்க எறங்க முடியுது? பக்கத்துல இருக்கவுக காலை நீட்டிக்கிட்டு இருப்பாவ, நாம எந்திரிக்கதுக்குள்ள விசில் அடிச்சிருவான். இந்தத் தடவை கண்டிப்பா எறங்குதேன். வேலை இருக்கு. என் தூக்குச்சட்டி ஒண்ணு அங்கன மாட்டிக்கிட்டு. நல்ல கனத்த எவர்சில்வர், எமீமாள்னு என் பேரு வெட்டுனது. அதைத் திருப்பி வாங்கணும். அதுக்குத்தான் போறேன், வேற ஒண்ணுக்கும் இல்ல. இதுல சோறு எதுக்குன்னா, வெறுங்கையோட போயி சட்டியைக் குடுன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?

என் கோவமெல்லாம் இந்தப் புது ஐயரு மேலதான். சின்ன வயசு. வந்து இன்னும் ஒரு கிறிஸ்மஸ் காணல, அதுக்குள்ள என்னையக் குத்திக்காட்டிப் பிரசங்கம் பண்ணுதாரு. நான் ஸ்திரீகள் சங்கத்துக்குக் காரியதரிசி, தெரியுமா? எத்தனையோ ஐயருமாரைப் பாத்தாச்சி. வருவாவ, போவாவ. நான் அதே முன் வரிசையில அதே இடத்துலதான் இருக்கேன்.

இன்னைக்குக் காலையில ஆராதனையில பெரிய விருந்து கதையை எடுத்தாரு. இயேசுசாமி சொன்ன கதை. ஒருத்தரு விருந்து வச்சி ஆளுகளை அழைச்சாரு. ஒருத்தனும் வரல. ஒருத்தனுக்கு வயல் பாக்கப் போணும், ஒருத்தனுக்கு மாடு பாக்கப் போணும், ஒருத்தனுக்கு இப்பந்தான் கலியாணமாம். அவருக்குக் கோவம் வந்துட்டு. வேலைக்காரனைக் கூப்பிட்டு, தெருவுல நிக்கவன், வேலியோரம் கெடக்கவன், கண்ணு தெரியாதவன், காலு வராதவன், எல்லாரையும் கூட்டியா, என் வீடு காலியாக் கெடக்கக்கூடாதுன்னுட்டாரு. நல்ல கதைதான். நானே பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில சொல்லிக் குடுத்திருக்கேன்.

ஆனா இவரு என்ன சொல்லுதாரு? "கடவுள், வாசல்ல நிக்குத வாட்ச்மேன் இல்ல, அவரு பந்தி விசாரிக்கவரு. வாங்கன்னு சொல்லது அவரு வேலை, நீ யாருன்னு கேக்கது நம்ம கமிட்டி வேலை"ன்னாரு. கோயிலே சிரிக்கி. கமிட்டி ஆளுகளும் சேர்ந்து சிரிக்காவ, வெக்கங்கெட்டு. அதோட விட்டாரா? "பந்தியில உக்கார வச்சவரு அவரு. நாம சோத்துப் பெட்டி தூக்கிப் பரிமாறுதவங்க, அவ்வளவுதான். பெட்டி நம்ம கையில இருக்குங்கதுக்காகச் சோறு நம்ம சோறு ஆயிராது"ன்னாரு. சோத்துப் பெட்டின்னு சொல்லும்போது என்னையப் பாத்தாரு தாயி. முன் வரிசையில இருந்தா பாக்கத்தான செய்வாருன்னு நீ சொல்லலாம். ஆனா அந்தப் பார்வை சரியில்ல.

நான் விடுவேனா? ஆராதனை முடிஞ்சதும் நேராப் போயிக் கேட்டேன். ஐயரே, இன்னொரு விருந்து கதையும் வேதத்துல இருக்கே, ராஜா வீட்டுக் கலியாணத்துல கலியாண வஸ்திரம் இல்லாம உக்காந்திருந்தவனைக் கையையும் காலையும் கட்டி வெளிய போடச் சொன்னாவளே, அதை ஏன் நைசா விட்டுட்டியன்னு கேட்டேன். வந்தவனையெல்லாம் உக்கார வச்சிட்டா சபைக்கு ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா? மனுஷன் வாயடைச்சிப் போவாருன்னு பாத்தேன். "அக்கா"ன்னாரு. எல்லாரும் என்னைய அம்மான்னுதான் சொல்லுவாவ, இவரு அக்காங்காரு. "அக்கா, தெருவுல இருந்து வந்தவனுக்குக் கலியாண வஸ்திரம் ஏது? வாசல்ல நின்ன ஆளுதான் எடுத்துக் குடுத்திருக்கணும். எல்லாருக்கும் குடுத்துட்டு இவனை மட்டும் யாராவது விட்டுட்டாவளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்"ன்னாரு.

யாரு உங்ககிட்ட சொன்னான்னு கேட்டேன். "எதை?"ங்காரு. முழிக்காரு. நடிப்பு! எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்காரு.

எது தெரிஞ்சின்னு கேக்கியா? ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்லாத விஷயம். நீயே கேட்டுட்டுச் சொல்லு, நீ வெளி ஆளு, உனக்கு ஓரவஞ்சனை இருக்காது.

எனக்கு ஒரு தங்கச்சி. கெத்சீயாள்னு பேரு, வீட்டுல கெத்சின்னு கூப்பிடுவோம். எங்க அப்பா வாத்தியாரு, வேதத்துல கரைகண்டவரு. யோபுன்னு ஒரு பக்தன், பாடாப் பட்டு எல்லாத்தையும் இழந்து, கடைசியில கடவுள் திரும்பக் குடுத்தாரு. அப்பம் பெறந்த மூணு பொம்பளப் பிள்ளைகள் பேரு எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். எங்க அப்பா வரிசையா வச்சிட்டு வந்தாரு. ரெண்டோட நின்னுபோச்சி. மூணாவது பெறந்திருந்தா கேரேனாப்புக்குன்னு கூப்பிட்டுக்கிட்டுத் தெருவுல நடக்க முடியுமா? நல்லவேளை தப்பிச்சோம்னு நானும் கெத்சியும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ரெண்டோட ஏன் நின்னுபோச்சின்னா, கெத்சியைப் பெத்துப் போட்டுட்டு எங்க அம்மா ஆஸ்பத்திரியிலயே கண்ணை மூடிட்டா. நான் அப்பம் எட்டாங்கிளாசு. படிப்பை விட்டுட்டு அவளை இடுப்புல தூக்குனேன். அவளுக்கு முதல் சோறு ஊட்டுனது நான். பருப்பும் நெய்யும் போட்டு, விரலால மசிச்சி, இந்தக் கையாலதான். துப்பித் துப்பி என் பாவாடையெல்லாம் சோறு. பெறவு ருசி தெரிஞ்சதும் வாயை மூடவே மாட்டா, காக்காக்குஞ்சு மாதிரித் தொறந்தே வச்சிருப்பா. அதை எதுக்கு இப்பம் சொல்லுதேன்? நான் அவளுக்கு என்ன செய்யல, அதைச் சொல்ல வந்தேன். எனக்குக் கலியாணம் ஆனப்பமும் அவளைக் கூட்டிக்கிட்டுத்தான் போனேன்.

அப்படி வளத்தவ, வேலைக்குப் போனா. டைப்பிங் ஸ்கூல்ல வேலை. ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடுத்தோம். மாசத்துக்கு ரெண்டு தடவை டயரு பஞ்சரு. ரோட்டுல அவ்வளவு ஆணியா கெடக்குன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல, அங்கனதான் கோட்டை விட்டேன். ஆலடிவிளை விலக்குல பஞ்சர் கடை வச்சிருக்கவன், மாசானமுத்துன்னு பேரு, அவனைக் கட்டிக்கிடுவேன்னு நின்னா. ஆளு கெட்டவன் இல்ல. குடி கெடையாது, ஒண்ணு கெடையாது. ஆனா எங்க மார்க்கம் இல்லல்லா. அம்மன் கோயில்ல வச்சித் தாலி கட்டிட்டான்.

சபையில சும்மா விடுவாவளா? கமிட்டி கூடுச்சி. அப்பம் இருந்த ஐயரு கண்டிப்பான மனுஷன். கெத்சியைச் சபையை விட்டு நிறுத்தி வைக்கணும், திருவிருந்துல அவ அப்பமும் ரசமும் எடுக்கக்கூடாது, சம்மதம்னா கையத் தூக்குங்கன்னாரு. எல்லாரும் என்னையப் பாக்காவ. நான் என்ன செய்ய? தங்கச்சின்னு சும்மா இருந்தா காரியதரிசி பாரபட்சம் பாக்கான்னு பேசுவாவ. அதனால நாந்தான் முதல்ல கையத் தூக்குனேன். நான் தூக்கலைன்னாலும் மத்தவங்க தூக்கியிருப்பாவ. எப்படியும் நடக்கதுதானே.

அதுல இருந்து அவ ஊருக்குள்ள வரல. எங்க அப்பா அடக்கத்துக்கு வந்து கல்லறைத்தோட்டத்துக்கு வெளிய ரோட்டுலயே நின்னுட்டுப் போயிட்டா. உள்ள வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல. நானும் வான்னு சொல்லல, எனக்கு அன்னைக்கு இருந்த வேலையில எங்கருந்து?

பெறவு ஒரு வருஷம் அசனத்துக்கு வந்தா.

அசனத்துக்குத்தான் யாரும் வரலாமே. சபை ஆளுகதான் வரணும்னு இல்லையே. நல்லா யோசிச்சித்தான் வந்திருக்கா. பொம்பளைங்க பந்தியில ஓரத்துல உக்காந்திருக்கா, பக்கத்துல ஒரு சின்னப் பிள்ளை, ரெட்டைச்சடை போட்டு. பிள்ளைக்கு அடுத்தாப்புல எங்க ஊரு ரோஸ்பாய் பெரியம்மை, பல்லு ஒண்ணு கூடக் கெடையாது, காதும் மந்தம். நான் கெத்சி இருந்த பக்கத்துல இருந்து சோறு வச்சிக்கிட்டு வாரேன். ஓலைப்பெட்டியில சோத்தை அள்ளி இடுப்புல இடுக்கிக்கிட்டு, தட்டால இலை இலையா வச்சிக்கிட்டு வரணும். நல்ல கனம். அப்பந்தான் பெரியம்மை அந்தப் பிள்ளைகிட்ட உன் பேரு என்னன்னு கேக்கா. அது கணீர்னு சொல்லுது, "கேரேனாப்புக்"னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அம்மன் கோயில்ல தாலி கட்டுனவ, பிள்ளைக்கு எங்க அப்பா வைக்க நெனச்ச பேரை வச்சிருக்கா. நிமிந்து என்னையப் பாத்தா கெத்சி. சிரிச்சா. அந்தப் பேரைச் சொல்லி ரெண்டு பேரும் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பந்தலே என்னையப் பாக்க மாதிரி இருக்கு. கமிட்டி ஆளுக அந்தா நிக்காவ. ஐயரு இந்தா நிக்காரு.

அப்பம் பாத்து என் பெட்டியில சோறு தீந்துபோச்சி.

அதுக்கு நான் என்ன செய்ய முடியும் சொல்லு? பெட்டி காலி. காலிப் பெட்டியை வச்சிக்கிட்டு எதை வைக்க? நிறைச்சிக்கிட்டு வருவோம்னு திரும்புனேன். சோறு குமிச்சி வச்சிருக்க இடம் தூரம். அங்க போயி, அள்ளிப்போட ஆளு இல்லாம நின்னு, திரும்பி வாரதுக்குள்ள அவ எந்திரிச்சிட்டா. இலையை மடிச்சிட்டா தாயி. ஒரு பருக்கை விழாத இலை. அதுவும் எப்படி மடிச்சிருக்கா? வெளிப்பக்கமா. துக்க வீட்டுலதானே அப்படி மடிப்பாவ, இனிமே இந்த வீட்டுல இப்படி ஒரு சாப்பாடு வேண்டாம்னு? எங்க கோயில் அசனத்துல வந்து அப்படி மடிச்சிட்டுப் போயிருக்கா. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா? "நமக்கு ஏம்மா வைக்கல"ன்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சாம்லா, அது என் காதுல விழவே இல்ல. விழுந்திருந்தா வைக்காமப் போவேனா? அந்தப் பிள்ளை சத்தம் அப்படியே கணீர்னு, பந்தல் முழுக்கக் கேக்க மாதிரி... இல்ல, நான் கேக்கல. நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.

ரோஸ்பாய் பெரியம்மைக்கு இது ஒண்ணும் தெரியாது. அது பாட்டுக்குச் சோத்தைப் பெசஞ்சிக்கிட்டு, இன்னுங் கொஞ்சம் வையி எமீமா, வையின்னு கேட்டு வாங்கி, நானும் அள்ளி அள்ளி...

என்ன?

பெட்டி காலின்னியே, அடுத்த இலைக்கு எப்படி வச்சேன்னா கேக்க? நீ என்ன வக்கீலா? அடியில ரெண்டு தட்டு சோறு ஒட்டிக் கெடந்திருக்கும். வயசானவ கேக்கான்னு வழிச்சி வச்சிருப்பேன். இவ்வளவு வருஷங் கழிச்சி எந்த இலைக்கு எவ்வளவு வச்சேன்னா ஞாபகம் இருக்கும்? நல்லா கேட்ட போ. இதுக்குத்தான் யார்கிட்டயும் இதைச் சொல்லதில்ல.

தண்ணி வச்சிருக்கியா? குடு, ஒரு வாய் குடிச்சிக்கிடுதேன்.

அதுல இருந்து நான் சோத்துப் பெட்டி தூக்கதில்ல. தோள்பட்டை வலி. பந்தியில தண்ணிதான் ஊத்துவேன். இந்த ஐயரு இன்னைக்கு அங்கியைக் கழத்திட்டு வேட்டியை மடிச்சிக்கட்டிக்கிட்டு அவரே பெட்டியை இடுப்புல வச்சிக்கிட்டு வாராரு. என்னையப் பாத்து, "அக்கா, நீங்க ஒரு பக்கம் வைங்க"ன்னு பெட்டியை நீட்டுதாரு. அத்தனை பேரு முன்னால! தோள்பட்டைன்னு சொல்லிட்டேன். நீட்டுன கையோட அப்படியே நின்னாரு. திருவிருந்தும் நான் எடுக்கதில்ல. எனக்கு சுகரு, அந்தத் திராட்ச ரசம் இனிப்பு, ஒத்துக்கிடாது. ஒரு சொட்டுதான்னு சொல்லுவாவ. ஒரு சொட்டும் இனிப்புதானே. எல்லாரும் பலிபீடத்துக்கிட்ட போயி முழங்கால்ல நிக்கும்போது நான் மட்டும் முன் வரிசையில தனியா உக்காந்திருப்பேன். அது ஒண்ணும் எனக்குக் கஷ்டமா இல்ல, பழகிட்டு.

கெத்சிக்கு அன்னைக்கு வைக்காமப் போனதை நெனச்சி, அதாவது வைக்க முடியாமப் போனதை நெனச்சி, அடுத்த வருஷம் அசனச் சோத்தைச் சட்டியில எடுத்துக்கிட்டு இந்த பஸ்ஸுல ஏறுனேன். வீட்டுல கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்துரலாம்னு. பஸ்ஸு விலக்குல நிக்கி, அவ அங்கன நிக்கா. பஞ்சர் கடைக்கு முன்னால. புருஷனுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருப்பா, எனக்காகவா நிக்கப் போறா? ஆனா அசனத்தன்னைக்கு, இந்த பஸ்ஸுக்கு, வருஷா வருஷம் நிக்கா. இதோ இந்தக் கண்டக்டரு சொல்லுதான், மத்த நாளு அவ அந்த நேரத்துல ரோட்டுப் பக்கமே வாரதில்லையாம். ஜன்னல் ஜன்னலா அண்ணாந்து பாத்துக்கிட்டு வருவா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன். ஊரு பாக்க என்னைய அவமானப்படுத்தத்தானே அப்படி நிக்கா? வேற எதுக்கு?

சோத்தை எறியவா முடியும்? கடைசி ஸ்டாப்புல யாருக்காவது குடுத்துருவேன். ஒரு வருஷம் ஒரு பாய் வாங்கிக்கிட்டாரு, பேரன் பேத்தியோட சாப்பிட்டு என்னைய வாழ்த்துனாரு. ஒரு வருஷம் சாமி கும்பிட மொட்டை போட்டுட்டு வந்த குடும்பம். யாரு என்னன்னு நான் கேக்கதில்ல. அசனச் சோறு, யாரு சாப்பிட்டா என்ன?

போன வருஷந்தான் இந்தப் பய வேலையைக் காட்டுனான். விலக்குல பஸ்ஸு நின்னதும், "குடுங்க யம்மா, மேல வச்சிருதேன்"ன்னு மடியில இருந்த சட்டியை வாங்குனான். வாங்கி வாசல் வழியா அவ கையில குடுத்துட்டு விசிலை ஊதிட்டான். நான் கத்துதேன், கேக்கவே இல்ல. கோவம் வராதா? பேரு வெட்டுன சட்டி. அந்தக் கோவத்துல அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கிட்டேன்னா பாத்துக்கயேன். அவ்வளவு வருஷத்துல அன்னைக்குத்தான் அப்படித் தூங்குனேன்.

புளியமரம் வந்துட்டு. அடுத்தது விலக்குதான்.

கொஞ்சம் முன்னால சாஞ்சி உக்காரு தாயி. இன்னும் கொஞ்சம். என்னைய மறைச்சிக்க. எறங்கத்தான் போறேன், அதுக்குள்ள அவ பாத்துரக்கூடாதுன்னுதான். நான் பாக்கல, நீ பாத்துச் சொல்லு. நிக்காளா? மெலிஞ்சி, கொண்டை போட்டு? பக்கத்துல பிள்ளையும் நிக்கா? என்ன உயரம் இருக்கு? அவ்வளவு வளந்துட்டா? கையில என்ன வச்சிருக்கா? சட்டியா? என் சட்டியா?

ஐயோ, இங்கதான் வாரா.

என்னட்டி. ஆங். சட்டி கொண்டாந்தியா? குடு. மெதுவா, கம்பியில இடிக்கி. சாய்ச்சி உள்ள விடு. ஆங், புடிச்சிட்டேன். விடு, புடிச்சிட்டேன்னு சொல்லுதேம்லா. பிள்ளை... நல்லா... சரி, சரி. பஸ்ஸு எடுக்கான். ஓடி வராத, வண்டி பக்கத்துல ஓடி வராதட்டி!

போயாச்சி.

என்ன சொன்னா? ஓடி வரும்போது என்னமோ சொன்னாள்லா, இந்த எஞ்சின் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல. உனக்குக் கேட்டிச்சா? சொல்லு.

"படைக்காதது அக்கா"ன்னா சொன்னா?

"முதல்லயே உனக்குன்னு தனியா எடுத்து வச்சேன்"னா?

உனக்கு இது வெளங்காது தாயி. அவங்க ஊர்ல இந்த வாரம் அம்மன் கொடை, கோயில் திருவிழா. வீட்டுல பொங்குனா சாமிக்குப் படைச்சிட்டுத்தான் திம்பாவ. நாங்க படைச்சதைத் தொட மாட்டோம். பக்கத்து வீட்டுல குடுத்தாலும் வாங்கி ஓரமா வச்சிருவோம். அவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நாந்தான், இத்தினிக்காணு இருக்கும்போது. வாயில போட்டுக்கிட்டதைக் கன்னத்துல ரெண்டு போட்டுத் துப்ப வச்சிருக்கேன். அதை மனசுல வச்சி, மாமியா வீட்டுல எல்லாரும் பாக்க, சாமிக்கு முன்னாடி எனக்கு எடுத்து வச்சிருக்கா. என்ன பேச்சு கேட்டாளோ. என் ஒழுங்கு கெட்டுரக்கூடாதுன்னு அவ பாத்துருக்கா.

சட்டியை வெறுஞ்சட்டியாத் திருப்பிக் குடுக்கக்கூடாதுல்லா. அதையும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.

தொறந்து பாப்போம். பாரு, சர்க்கரைப் பொங்கல். சூடு ஆறல. முந்திரிப்பருப்பெல்லாம் மேலாக்க வச்சிருக்கா. எனக்குச் சுகருன்னு அவளுக்குத் தெரியாது. யாரு சொல்லியிருப்பா? இருக்கட்டும், ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆயிராது. நல்லா மசிச்சிருக்கா. நெய்யி கூட. நான் அவளுக்கு ஊட்டும்போது இப்படித்தான் மசிப்பேன். அழல தாயி, காத்து கண்ணுல அடிக்கி. ஜன்னல் பக்கம் உக்காந்தா இதான் தொல்லை.

ஏ தாயி.

இது என்னது? என் மடியில இது என்னது?

சோத்துச்சட்டி இங்கனயேல்லா இருக்கு. ரெண்டு சட்டியும் என் மடியிலதான் இருக்கு. நான் அவளுக்குக் குடுக்கலியே. ஜன்னல் வழியா ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டேன், வாங்கிக்கிட்டு... நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? நீயாவது சொல்லக்கூடாதா? அந்தப் பிள்ளை சட்டியவே பாத்துக்கிட்டு நின்னுச்சி, நான் பாத்தேன், பாத்தேன் தாயி, இப்பமும் பாத்தேன். அன்னைக்கும் பாத்தேன்.

மூடியைத் தொறந்து பாரு. கழுத்து வரைக்கும் இருக்கு. ஒரு தட்டு கூடக் கொறையல. இன்னைக்குச் சோறு தீந்துபோச்சின்னு நான் யாருகிட்ட போயிச் சொல்லுவேன்?

கண்டக்டர் தம்பி, விசில் அடி! நிறுத்தச் சொல்லு! ஸ்டாப்பு இல்லாட்டி என்ன, ரோட்டுல நிறுத்து, நான் திரும்பி நடந்துக்கிடுதேன். தோள்பட்டையெல்லாம் ஒண்ணும் வலிக்கல, ரெண்டு சட்டியையும் நானே தூக்கிக்கிடுதேன். நீ காலை மடக்கு தாயி, வழி விடு, நான் எறங்கணும்.